ஒரே வரியில் நின்ற ஒன்பது நாட்கள்

திரையில் ஒரே ஒரு வரி. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டம் மினுங்கி அணைந்து, மினுங்கி அணைந்துகொண்டிருந்தது. வேறு எதுவும் அசையவில்லை.

“ஓடுதா விஜி?” என்று கேட்டாள் தவமணி.

“ஓடுது.”

“எம்புட்டு வந்திருக்கு?”

“நேத்து நின்ன எடத்துலதான் நிக்குது.”

 அவள் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் மடிக்கணினியைக் கண்டுபிடித்து, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதைப்போல வைத்தாள். அது சுட்டிருக்க வேண்டும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த ஆசிரியர் விடுதியின் முன்னறை அது. ஞாயிற்றுக்கிழமை மதியம். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. நான் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து அன்று ஆறாவது நாள். வியாழக்கிழமைக்குள் அந்த வரி நகர வேண்டும். நகராவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எழுத்தின் மேல் எழுத்து

தவமணியும் நானும் ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவள் கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். நான் ஹட்டனுக்குக் கீழே உள்ள ஒரு லயத்தில். பிறகு சுற்றிச் சுழன்று ஒரே தோட்டப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தோம். அவளுக்கு வரலாறு. எனக்குக் கணினி.

எனக்குக் கணினி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் ஒரு வகுப்பு நடக்கும். நான்கு கணினிகள். நான்குக்கும் பூப்போட்ட துணி உறை. உறையை எடுக்குமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நான்கின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு இருக்கும். அங்கே ஆறு மாதம் படித்துத்தான் நான் கணினி டீச்சர் ஆனேன். அந்தப் படிப்பின் அளவு எனக்கு எப்போதும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

தவமணிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முப்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. கண்ணுக்கு வந்ததை முதலில் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். “டீச்சர், எழுதினதுக்கு மேலேயே எழுதுறீங்க” என்று ஒரு நாள் முன்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாளாம். கரும்பலகையில் மூன்று வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அன்று சிரித்துச் சமாளித்தாள். கண்டிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். இரண்டு வருடத்தில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து நின்றது.

அதற்குப் பிறகும் பாடம் எடுத்தாள். நன்றாகவே எடுத்தாள். பிள்ளைகள் கரும்பலகையில் எழுதுவார்கள், அவள் சொல்லுவாள். ஆனால் இது எத்தனை நாளைக்கு?

கடிதம் வந்தது. மருத்துவக் காரணத்துக்காக ஓய்வு கொடுப்பதா, பணியில் தொடர விடுவதா என்று மூன்று பேர் கொண்ட குழு ஒரு வியாழக்கிழமை நுவரெலியாவில் அவளை நேரில் பார்க்கும். அவள் தன்னுடைய பாடக் குறிப்புகளைத் தானே திறந்து, பிறர் துணையில்லாமல், அவர்கள் கேட்கிற பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். எந்தக் கருவியையும் கொண்டுவரலாம்.

நான்தான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும், “கடைசி வரிய இன்னொரு தடவ வாசி” என்றாள். வாசித்தேன்.

“எந்தக் கருவியையும் கொண்டுவரலாம்னு போட்டிருக்கில்ல?”

“போட்டிருக்கு.”

“அப்ப நீ இருக்க. எனக்கென்ன?”

கியாஃப்க்

இப்போது எல்லாப் போனும் தமிழ் வாசிக்கிறதே, அதைக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

தவமணியின் குறிப்புகள் எல்லாம் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறு வழி இல்லை. ஆங்கில எழுத்துகளைத் தட்டுவோம். அதன்மேல் தமிழ் முகமூடி போட்டதுபோல ஓர் எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ். கணினிக்குள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எங்கள் மலைநாட்டுக்குப் பெயரான “மலையகம்” என்ற சொல்லைப் போன் “கியாஃப்க்” என்று வாசித்தது.

தவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். “நம்மளக் கியாஃப்க் ஆக்கிருச்சுடி!”

அவளுடைய கணவர் செல்வராஜ் அண்ணன், தேயிலை பாக்டரியில் இயந்திரம் பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். அவரும் சுவரில் சாய்ந்தபடி சிரித்தார். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட பெரிய சிரிப்பு அதுதான்.

பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்ற இணையத்தில் இடங்கள் உண்டு. ஒவ்வொரு பக்கமாக எடுத்து ஒட்ட வேண்டும், பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்குக் கண் வேண்டும். அவளிடம் பதினெட்டு வருடக் கோப்புகள் இருந்தன. கேள்வித்தாள்கள், பாடக் குறிப்புகள். பிள்ளைகளிடம் வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லி அவள் சேர்த்த குடும்பக் கதைகளும் அதற்குள் இருந்தன: எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு, யார் எப்போது, ஏன் மாறினார்கள் என்று. பாடப் புத்தகத்தில் எங்களுக்கு அரைப் பக்கம்தான். மீதியை அவள் இப்படித்தான் நடத்தினாள்.

தேடித் தேடி ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தேன். கனடாவில் இருக்கும் ஒரு தமிழர் தன் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாக வைத்திருந்தார். கோப்பைத் திறந்தால் பழைய எழுத்தைத் தானே உணர்ந்து மாற்றி, தமிழில் வாய்விட்டு வாசிக்கும். விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்யலாம். கண் தேவையில்லை.

ஒரே ஒரு சிக்கல். தவமணியிடம் இருந்தது கொழும்பிலிருந்து ஒரு பழைய மாணவன் அனுப்பிய பழைய மடிக்கணினி. அந்த வயதுக் கணினிக்கு ஆயத்தமாகச் செய்த மென்பொருள் இல்லை. அவர் எழுதிய மூல நிரலை இறக்கி, அந்தக் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். கணினி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மனிதர் எழுதியதை இயந்திரம் தனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கட்டிக்கொள்கிற வேலை அது. ஒரு கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். சாதாரணமாக ஒன்றோ இரண்டோ மணித்தியாலம் ஆகும்.

எனக்கு ஒன்பது நாட்களிலும் முடியவில்லை.

வானத்தைப் படம் பிடித்தது

முதல் நாள் கட்டளை கொடுத்தேன். வரிகள் ஓடின. ஓடி ஓடி எங்கேயும் போய்ச் சேரவில்லை. மாலையில் கரண்ட் போனது. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. தினமும் கரண்ட் போகும். அந்தக் கணினியின் பெரிய பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. செருகி சுவரில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

இரண்டாம் நாள், அவ்வளவு வரிகள் கண்ணைக் கெடுக்கின்றன என்று, முக்கியமானதை மட்டும் காட்டும்படி மாற்றினேன். அன்றிலிருந்துதான் அந்த ஒற்றை வரி. “அமைப்பைச் சரிபார்க்கிறது” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நினைவகம் போதவில்லையோ என்று தேவையில்லாதவற்றை எல்லாம் அழித்தேன். ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்யாதே, ஒன்றைச் செய் என்று கட்டளையை மாற்றினேன். இறக்கிய கோப்பு பழுதோ என்று மறுபடி இறக்கப் போனேன்.

எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது கோயிலுக்குக் கீழே ஒரு வளைவில் மட்டும். அங்கே நின்று போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நின்றேன். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, “கம்பியூட்டர் டீச்சர் வானத்தப் படம் புடிக்கிறாங்க!” என்று சத்தம் போட, மலை முழுக்கச் சிரிப்பு. நானும் கையாட்டினேன். போனில் இறக்கியதைப் பாடசாலைக் கணினியில் ஏற்றி, பென் டிரைவில் போட்டு, தவமணி வீட்டுக்கு நடந்தேன்.

அதே வரி.

கனடாக்காரருக்கு எழுதினேன். ஆங்கிலத்தில், என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதைப்போல எழுதினேன். எனக்குப் பார்வையில்லாத தோழி, அவளுக்கு வியாழக்கிழமை, தயவுசெய்து. இரண்டு நாள் கழித்துத் தமிழில் பதில் வந்தது. “என் கணினியில் நன்றாக வேலை செய்கிறதே அக்கா. வேலைப் பளு. அடுத்த மாதம் பார்க்கிறேன்.”

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இலவசமாகக் கொடுத்த மனிதர். ஆனால் வளைவில் நின்று அதை வாசித்தபோது பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழாம் நாள், எட்டாம் நாள். பள்ளி விட்டதும் நேரே அவள் வீட்டுக்குப் போவேன். பொத்தானை அழுத்துவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் நிபுணி மாதிரி எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். “இது பெரிய வேலடி. மெதுவாத்தான் ஓடும்.” அவள் தலையாட்டுவாள். திரையில் நடப்பது அவளுக்குத் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

சத்தம்

ஒன்பதாம் நாள், புதன்கிழமை. மழை விட்டிருந்தது. தகரம் சும்மா இருந்ததால் வீடு அமைதியாக இருந்தது.

வழக்கம்போலப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். பிறகு தவமணி சொன்னாள்:

“விஜி, இது நிக்கல.”

“என்னா சொல்ற?”

“நின்னுருச்சு நின்னுருச்சுன்னு சொல்றியே, இது நிக்கல. கேளு. மொதல்ல காத்தாடி மெதுவா சுத்துது. பொறகு உள்ளுக்குள்ள கற கறன்னு ஒரு சத்தம். பொறகு காத்தாடி கத்துது. பொறகு டிக்குன்னு ஒன்னு. திரும்ப மொதல்ல இருந்து. ஒரே மாதிரி. நாலு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

“நாலு நாளாவா? ஏன்டி சொல்லல?”

“ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

நான் காதைக் கணினியோடு ஒட்டினேன். காத்தாடி. கற கற. காத்தாடி உச்சத்துக்குப் போய் இறங்கியது. டிக். மறுபடி.

 எல்லா வரிகளையும் காட்டு என்று பழையபடி மாற்றிவிட்டு ஓடவிட்டேன். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. ஓடி முடித்துவிட்டு அதே வரிகள் முதலிலிருந்து ஓடின. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓர் எச்சரிக்கை: இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். கணினிக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு சின்ன பேட்டரி இருக்கும். அதுவும் செத்துவிட்டது. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் கடிகாரம் பல வருடங்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். இணைய இணைப்பு இருந்தால் தானே சரிசெய்துகொண்டிருக்கும். அது இல்லை. அந்த நாள்கணக்கின்படி கனடாக்காரர் தன் மென்பொருளை இன்னும் எழுதவே இல்லை. கம்பைல் செய்கிற கருவிக்கு ஒரு விதி உண்டு: மூலக் கோப்பு, கட்டியதைவிடப் புதியதாக இருந்தால், மறுபடி கட்டு. மூலக் கோப்போ எப்போதும் புதியது. அதனால் முதல் படியைக் கட்டும், பார்க்கும், பழசு என்று நினைக்கும், மறுபடி கட்டும். ஒன்பது நாளும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த எச்சரிக்கையை நான் முதல் நாளே பார்த்தேன். வரிகள் ஓடும்போது கண்ணில் பட்டது. திரையின் மூலையில் கடிகாரம் தப்பாக இருந்ததையும் பார்த்தேன். “மணி பார்க்கவா இதைத் திறந்தோம்” என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அந்த வரிகளை மறைத்ததே நான்தான். அது ஒவ்வொரு சுற்றிலும் காரணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் வாயைக் கட்டிவிட்டு, ஏன் பேசமாட்டேன் என்கிறது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னாச்சு விஜி?”

“கடிகாரம்டி. கடிகாரம் பிந்திப்போச்சு. அவ்வளவுதான்.”

“சரி பண்ணலாமா?”

“இப்பவே.”

மணி நான்கே கால். தேதியையும் நேரத்தையும் தட்டினேன். பொத்தானை அழுத்தினேன். முதல் படி முடிந்து இரண்டாம் படி வந்தது. நூற்றுக்கு மூன்று, ஏழு, பன்னிரண்டு.

நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். இருபது. இருபத்தெட்டு. செல்வராஜ் அண்ணன் பாக்டரியிலிருந்து வந்து, செருப்போடேயே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து. “பாஸ் மார்க்கு!” என்றாள் தவமணி.

அறுபத்தொன்றில் கரண்ட் போனது.

டீசல் இல்லை

அது வழக்கமான நேரத்தில் போகிற கரண்ட் இல்லை. கீழே பாதையில் மரம் விழுந்து கம்பியை அறுத்துவிட்டது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. முந்திய நாட்களின் மழையில் மண் இளகியிருந்தது.

“பாக்டரியில ஜெனரேட்டர் இருக்குங்க. தூக்கிக்கிட்டுப் போவமா?” என்று கேட்டேன்.

செல்வராஜ் அண்ணன் உடனே இறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மூச்சு வாங்கியது.

“டீசல் இல்லையாம். பாக்டரிக்கே இல்ல. கொழுந்து அப்புடியே கெடக்கு.”

தவமணி கணினியின் மூடியைத் தானே மூடினாள். “விடுங்க. மனசுல இருக்கிறதச் சொல்லிக்கிறேன்” என்றாள்.

எல்லாம் அவள் மனதில் இருந்தது என்பது உண்மைதான். பதினெட்டு வருடம் நடத்திய பாடங்கள். ஆனால் பாடத்திட்டம் அதற்கு முந்திய வருடம் மாறியிருந்தது. புதிய வரிசை அவளுடைய கோப்புகளில்தான் இருந்தது. அதை அவள் தட்டச்சு செய்யச் செய்ய, கண் போய்க்கொண்டிருந்தது. அன்றிரவு எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை.

பத்து நிமிடம்

வியாழக்கிழமை காலை ரயிலில் நானுஓயாவுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம். தவமணி நீலச் சேலை கட்டியிருந்தாள். கொசுவத்தை நான்தான் சரிசெய்தேன். ரயிலில் அவள் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன.

நீளமான ஓர் அறை. மூன்று பேர். இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு சிங்கள அம்மா. துணைக்கு வந்தவள் என்பதால் என்னைக் கதவோரம் உட்கார விட்டார்கள். பேசக்கூடாது என்றார்கள்.

அந்த அம்மா மென்மையானவர். எழுந்து வந்து தவமணியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். குறிப்புகளை எதில் கொண்டுவந்தீர்கள் என்று தமிழ் அதிகாரி கேட்டார்.

“கம்பியூட்டர்ல இருக்கு சார். வாசிக்கிற மென்பொருள் இன்னும் முடியல. நேத்து எங்க பக்கம் கரண்ட் இல்ல. ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.”

அவர் எதையோ எழுதினார். “சரி டீச்சர். பத்தாம் தரம், ஐந்தாவது அலகு. நடத்துங்க.”

தவமணி தொடங்கினாள். நான் அவள் பாடம் நடத்திக் கேட்டது குறைவு. எப்போதும் எனக்கும் வகுப்பு இருக்கும். அன்று கேட்டேன். கோப்பித் தோட்டங்கள் அழிந்ததையும், தேயிலை வந்ததையும், இந்தியாவிலிருந்து ஆட்களை இறக்கி நடத்திக்கொண்டு வந்த பாதையையும் அவள் சொன்னாள். எதிரே நாற்பது பிள்ளைகள் இருப்பதுபோல இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிச் சொன்னாள். கேள்வி கேட்டாள், விடைக்குக் காத்திருந்தாள், பதில் வந்ததுபோலத் தலையாட்டினாள். சிங்கள அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தமிழ் அதிகாரியின் முன்னால் பாடத்திட்டம் விரிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய வரிசையில் அதுதான் ஐந்தாவது அலகு. புதிய வரிசையில் இல்லை.

பத்து நிமிடம் பேசினாள். ஒருவரும் அவளை நிறுத்தவில்லை.

முடித்து, முகத்தை அவர்கள் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டாள். நன்றாகச் செய்துவிட்ட ஒருவருடைய முகம்.

“டீச்சர்,” என்றார் அவர், “நல்லா நடத்துனீங்க. ஆனா இப்ப இது மூணாவது அலகு.”

அவள் முகம் அப்படியே இருந்தது. கைகள் மட்டும் மடியில் எதையோ தேடின.

சிங்கள அம்மா ஒரு தாளை அவள் கையில் கொடுத்தார். “மிஸ், மேக்க கியவன்ன புளுவன்த?” இதை வாசிக்க முடியுமா என்ற கேள்வி. கேட்கவேண்டிய கேள்வி, கேட்டார். தவமணி தாளை வாங்கி, விரல்களால் அதன் நான்கு ஓரத்தையும் தடவி, நேராக்கி, திருப்பிக் கொடுத்தாள்.

“பே மிஸ்,” என்றாள். முடியாது.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. நானுஓயாவில் இறங்கும்போது, “மூணாவதா? எப்ப மாத்துனாங்க?” என்று கேட்டாள். நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய், அந்தக் கோப்பில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கரண்ட் வந்தது. சனிக்கிழமை காலையில் போய் நேரத்தைச் சரிசெய்து பொத்தானை அழுத்தினேன். ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு தடை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை.

ஒன்றே முக்கால் மணித்தியாலம். முதல் நாளே அந்த ஒரு வரியை நின்று வாசித்திருந்தால், தவமணிக்குப் பழகிக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் இருந்திருக்கும்.

ஒரு கோப்பைத் திறந்தேன். ஓர் ஆண் குரல், மூக்கடைத்ததுபோல, மூச்சு விடாமல் வாசித்தது. பிள்ளைகள் எழுதிவந்த குடும்பக் கதைகளில் ஒன்று. “எங்கள் அப்பாவின் தாத்தா முதலில் வந்த தோட்டத்தில் ஆற்றில் தண்ணீர் வந்து லயம் போய்விட்டது. பிறகு…”

“மலையகம்” என்ற சொல்லும் வந்தது. சரியாகத்தான் வாசித்தது.

தவமணி நான்கு பிள்ளைகளின் கதைகளைக் கேட்டாள். ஐந்தாவது தொடங்கியபோது, “நிப்பாட்டு விஜி” என்றாள். நிறுத்தினேன். “இத எழுதுன புள்ள இப்ப கட்டாருல இருக்கா” என்று மட்டும் சொன்னாள்.

ஓய்வுக் கடிதம் அடுத்த மாதம் வந்தது. ஆசிரியர் விடுதி ஆசிரியர்களுக்குத்தான். மூன்று மாதத்தில் விட வேண்டும் என்று இருந்தது. செல்வராஜ் அண்ணனுக்குப் பாக்டரி ஆள் என்ற முறையில் கீழே லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று கொடுத்தார்கள். லயத்திலிருந்து படித்து வெளியே வந்தவள், நாற்பத்தாறாவது வயதில் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி லயத்துக்கே போனாள். சாமான்களைத் தூக்க எங்கள் பாடசாலைப் பெரிய பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

அன்று அவளிடம் சொல்லிவிடுவது என்று போனேன். வெறும் அறையில், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“தவம், அந்தக் கடிகாரம் இருக்கில்ல…”

“அத ஏன் இப்ப பேசுற? நீ ஒன்பது நாள் எனக்காக ஒக்காந்த. எந்தச் சொந்தக்காரவுங்க ஒக்காந்தாங்க? அது போதும்டி.”

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனேன். தீபாவளிக்குப் போனபோதும் முயன்றேன். அன்று அவளுடைய தங்கை குடும்பம் வந்திருந்தது. அதற்குப் பிறகு முயலவில்லை. வருடங்கள் போய்விட்டன.

இப்போது அவளுடைய பகல் முழுவதும் அந்த ஆண் குரலோடுதான் போகிறது. செய்தி, கதை, சமையல் குறிப்பு, எதை நான் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கேட்பாள். இந்த வார இதழையும் கேட்பாள். என்னுடைய இந்தத் தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து விடாமல் கேட்டு, பிழை சொல்லுவாள். கலாசாலைச் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதியது பொய் என்று போன மாதம் சண்டை பிடித்தாள்.

இதழ் வெள்ளிக்கிழமை வரும். அதைப் பென் டிரைவில் போட்டு, வழக்கம்போல லயத்து வாசலில் செல்வராஜ் அண்ணன் கையில் கொடுத்துவிடுவேன். உள்ளே போய் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு மேடு ஏறிக்கொண்டிருக்கும்போது, அந்தக் குரல் இதை அவளுக்கு வாசித்துக்கொண்டிருக்கும்.